கோவிவனும் காளியும்

நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். என்ன ரகம்? எவ்வளவு சாப்பிடும்? குழந்தைங்களோட ஒத்துப்போகுமா? சொன்னா கேட்குமா? தென்னிந்தியாவில் பெயர் சொல்லிக் கல்லில் பொறிக்கப்பட்ட இரண்டு நாய்களின் கதையில் இந்தக் கேள்விகளில் ஒன்றுதான் மிஞ்சுகிறது.

முதலாவது, திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. தன் எருமைகளைக் காக்கப் போராடிச் செத்தவன் கருந்தேவகத்தி. கல் அவனுக்குத்தான். ஆனால் அதே கல்லில் ஒரு நாயின் உருவமும் அதற்கென்றே ஒரு வாசகமும் இருக்கின்றன. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் ‘காத்திருந்தது’ என்கிறது கல்வெட்டு. இன்றைக்குக் காத்திருப்பது என்றால் யாரோ வரும்வரை சும்மா இருப்பது. அங்கே அது காவல் நின்றது. எப்படிப் படித்தாலும் செய்தி ஒன்றுதான்: கோவிவன் ஓடிப்போகவில்லை. ஒரு மனிதனின் சாவையே ஓரிரு வரியில் முடித்துவிடும் நடுகல்லில், நாய்க்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, கர்நாடகத்தின் மண்டியா பகுதியிலுள்ள ஆதகூர் கல். காலம் கி.பி. 949-50. தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் கொல்லப்பட்டான். ஜெயித்த பக்கம் நின்றவர்களில் ஒருவன் மணலேரன். வீரர்களுக்கு ஊரும் நிலமும் பரிசாகக் கிடைத்த காலம் அது. ‘என்ன வேண்டும், கேள்’ என்றபோது மணலேரன் கேட்டது காளி என்ற வேட்டைநாயை. பிறகு அந்தக் காளியை ஒரு பெரிய காட்டுப்பன்றி மேல் ஏவினார்கள். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று செத்தன. காளிக்காகக் கல் நட்டு, அதற்குப் பூசை நடக்க நிலமும் விட்டார்கள். நாயும் பன்றியும் மோதும் சிற்பத்தோடு அந்தக் கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நன்றியுள்ள நாய்கள் என்று சொல்லி இதைச் சுலபமாக முடித்துவிடலாம். ஆனால் ஒன்று உறுத்துகிறது. எருமைகள் கோவிவனுடையவை அல்ல. அந்தப் பன்றியோடு காளிக்கு எந்தப் பகையும் இல்லை. சண்டை இரண்டுமே மனிதர்களுடையவை. நாய்கள் அதைத் தம்முடையதாக எடுத்துக்கொண்டன. இதைத்தான் நாம் நல்ல துணை என்கிறோம். மணலேரனுக்குக் காளி மேல் பிரியம் இல்லை என்று சொல்லவே முடியாது. போரில் உயிரைப் பணயம் வைத்தவன் பரிசாகக் கேட்டது அதைத்தானே? அந்தப் பிரியம் காளிக்குக் கல்லைக் கொடுத்தது. பன்றியிடமிருந்து அதைக் காப்பாற்றவில்லை.

‘சொன்னா கேட்குமா?’ என்று விசாரிப்பதில் தப்பில்லை. கேட்கும். அதனால்தான், அதனிடம் என்ன சொல்லப்போகிறோம் என்பதையும் கொஞ்சம் யோசித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.