வெள்ளம் கோரிய நாக்கு

வடசேரியில் படிக்கையில், ‘அம்மைக்கு வெள்ளம் கோரிக் குடுத்தேன்’ என்று கட்டுரையில் எழுதினேன். எங்க பக்கம் தண்ணிக்கு வெள்ளம்னுதான் பேரு. வாத்தியார் சிவப்பு மையால் அடித்து, ‘கொச்சை’ என்றார். கொச்சையானது சொல்லா, எங்கம்மையா?

1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’தான் எனக்குப் பதில் சொன்னது. கி.ரா. கரிசல் பேச்சில் முன்பே எழுதியிருந்தார். ஆனால் சேரிப் பேச்சு பெரும்பாலும் மேற்கோள் குறிக்குள்தான் நின்றது. கதைசொல்லி திண்ணையிலிருந்து நல்ல தமிழ் பேசினார். பாமா, கதைசொல்லும் வாயையே சேரிக்குத் தந்தார்.

ஸ்காட்லாந்திலும் இதே சண்டை நடந்தது. 1969லேயே டாம் லெனார்ட் கிளாஸ்கோ பேச்சில் கவிதைகள் வெளியிட்டார். போலீஸ் அடியில் பார்வை இழந்தவனின் கதையை அதே பேச்சில் எழுதிய ஜேம்ஸ் கெல்மனுக்கு 1994இல் புக்கர் பரிசு கிடைத்தது. உரையாடலுக்கு மேற்கோள் குறியே அவர் போடவில்லை. நடுவர்களில் ஒருவரே அந்தத் தேர்வை அவமானம் என்றார்.

அங்கே வர்க்கம், இங்கே சாதி, ரெண்டும் ஒண்ணில்ல. தொட்டதுக்காகக் குடத்து வெள்ளத்தைக் கொட்டிய கதை கிளாஸ்கோவில் கிடையாது. ஆனா நாக்கைத் திருத்தும் சிவப்பு மை ஒண்ணுதான்.

எங்கம்மை சொல்லுக்கு இனி நான் மேற்கோள் குறி போடுவதாயில்லை.