ஊர்ப்பொதுவும் விலையாவணமும்: தொண்டை மண்டலத்தில் பொதுநில விற்பனையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

உள்ளாட்சி அமைப்புகள் தம் பொறுப்பிலுள்ள பொதுச் சொத்தை 'உபரி' எனக் கணித்து விற்பது இக்கால நிருவாக வழக்கு. சோழர் காலச் சபைகளும் பொதுநிலங்களை விற்றுள்ளன. உத்திரமேரூர், உக்கல், மாமல்லபுரம் ஆகிய ஊர்களின் கல்வெட்டுகளையும், செங்கல்பட்டு மாவட்டத்தின் காலனிய கால நிலவுரிமை வரலாற்றையும் முன்வைத்து, பொதுநிலம் கைமாறிய முறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு நிலம் மிகையானதா என்பதை நிலத்தின் தன்மையைவிட, முடிவெடுக்கும் அவையில் யார் இடம்பெற்றனர் என்பதே தீர்மானித்தது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சபை, விலையாவணம், இறையிலி, மிராசு, தரிசு, பஞ்சமி நிலம், கிராம சபை.

முன்னுரை

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்திலுள்ள வேடந்தாங்கல், பறவைகளால் அறியப்பட்ட ஊர். அங்குள்ள ஏரி அடிப்படையில் ஒரு பாசன ஏரியாகும். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை உணர்ந்த உழவர்கள் அவற்றைக் காத்துவந்தனர். பறவைகள் சுடப்படுவதை ஊரார் எதிர்த்ததன் பேரில், 1798இல் அன்றைய ஆட்சியர் லயனல் பிளேஸ் அவற்றுக்குப் பாதுகாப்பளித்தார் என்பதும், அவ்வுரிமை 1858இல் மீண்டும் உறுதிசெய்யப்பட்டது என்பதும் அறியப்பட்ட செய்திகள். 2022இல் இந்நீர்நிலை ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. மழை பொய்த்த ஆண்டுகளில் இவ்வேரி வறண்டு கிடக்கும். அந்நிலையில் கணக்கெடுப்போர் கண்ணுக்கு இது பயனற்ற வெற்றிடமாகவே தோன்றும். பொதுநிலத்தின் பயனை யார், எப்பொழுது, எதைக்கொண்டு மதிப்பிடுவது என்னும் வினா இங்கிருந்தே எழுகிறது. இவ்வினாவுக்கு வேடந்தாங்கலுக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரின் கோயிற் சுவர்கள் ஒரு பழைய விடையைத் தருகின்றன.

சபையும் அதன் கணக்கும்

முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் (கி.பி. 919, 921) சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பெரிதும் பேசப்படுகின்றன. 30 குடும்புகளிலிருந்து சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பொதுச் சொத்து பற்றிய ஆய்வுக்கு அக்கல்வெட்டின் தகுதியின்மை விதிகளே இன்றியமையாதவை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்பெறும் தகுதியை இழந்தனர். பிறர் பொருளைக் கவர்ந்தவரும் விலக்கப்பட்டனர். பொதுப்பொருளைக் கையாள்வோர் கணக்குக்குக் கட்டுப்பட்டவர் என்னும் கோட்பாடு இதில் வெளிப்படையாக உள்ளது.

விலையாவணத்தின் அமைப்பு

தொண்டை மண்டலத்திலும் சோழ மண்டலத்திலும் கிடைக்கும் சபை விலையாவணங்கள் ஏறத்தாழ ஒரே வாய்பாட்டில் அமைந்துள்ளன. சபை கூடிய இடம், நிலத்தின் நான்கெல்லை, பரப்பு, விலைப்பொருள், பொருள் முழுவதும் பெற்றுக்கொண்டமை ஆகியன முறையே கூறப்படும். மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் நிலத்தோடு சேரும். இவ்வாவணங்களில் பயிலும் 'மிகுதிக்குறைவு உள்ளடங்க' என்னும் தொடர் கருதத்தக்கது. இங்கு 'மிகுதி' என்பது அளவையில் நேரும் கூடுதலைக் குறிக்கிறது. ஊருக்கு வேண்டாத நிலம் என்னும் பொருள் அதற்கில்லை. சபைப் பொதுவாகக் கிடந்த நிலத்தையும் தேவை கருதியே சபை விற்றது. வேண்டாதது எனக் கழிக்கவில்லை.

அத்தேவை பெரும்பாலும் இறை சார்ந்தது. திருவிளக்குக்கோ திருவமுதுக்கோ அறம் செய்ய விரும்பியவர் சபையிடம் நிலத்தை விலைக்கு வாங்கிக் கோயிலுக்கு அளித்தார். நிலவிலையோடு, அந்நிலத்தின் வருங்கால வரிக்கு ஈடாக 'இறைத்திரவியம்' என்னும் மொத்தத் தொகையையும் சபை பெற்று, இறையிழிச்சிக் கொடுத்தது. இதில் நன்மையும் இடரும் ஒருங்கே இருந்தன. நிலம் கைமாறினாலும் அறத்தின் பயன் ஊரிலேயே தங்கியது. ஆவணம் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்டதால் அனைவர் கண்முன்னும் நின்றது. ஆயின் அரசுக்குரிய வரியைத் தொடர்ந்து செலுத்தும் பொறுப்பு சபையையே சார்ந்தது. இன்று பெறும் தொகைக்காக வருந்தலைமுறைகளின் மீது நிலையான சுமையை ஏற்றுவதாக அது அமைந்தது. பெற்ற தொகையை முதலாக வைத்துக் காத்தால் மட்டுமே அவ்விற்பனை ஊருக்கு இழப்பாகாது. வாரியங்களின் கணக்கு குறித்து அத்துணைக் கடுமை காட்டப்பட்டதை இப்பின்னணியில் நோக்குதல் தகும்.

விற்பனைக்கு மற்றொரு வழியும் இருந்தது. முதலாம் இராசராசனின் 24ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உக்கல் கல்வெட்டு, சோழ, தொண்டை, பாண்டிய மண்டலங்களில் பிராமணர், வைகானசர், சமணர் ஆகியோரின் ஊர்களில் முழுமையாக இரண்டாண்டுகள் இறை செலுத்தாதோரின் நிலத்தை ஊரார் விற்க அதிகாரம் அளிக்கிறது. அடுத்த ஆண்டைச் (கி.பி. 1010) சேர்ந்த மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் கல்வெட்டு, அந்நகரத்தார் தம் நிலத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக்கொள்ள உடன்பட்டதைப் பதிவு செய்கிறது. விற்பனை, பறிமுதல், பங்கீடு ஆகிய மூன்றிலும் அவையின் கூட்டு முடிவும் கல்லில் பதிந்த சான்றும் பொதுக்கூறுகள்.

அவைக்கு வெளியே நின்றோர்

இம்முறையை முழுமையான மக்களாட்சியாகக் கொள்வது வரலாற்றுப் பிழையாகும். உத்திரமேரூரில் குடவோலைக்குத் தகுதி பெற, இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் பொது விதி. 35க்கு மேற்பட்டு 70க்கு உட்பட்ட அகவையும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டப்பட்டன. உழுகுடிகளும், தீண்டாச்சேரியில் வாழ்ந்தோரும், மகளிரும் வாரியங்களில் இடம்பெற இயலவில்லை. பொதுநிலத்தைச் சார்ந்து ஆடுமாடு மேய்த்து, விறகு பொறுக்கி வாழ்ந்தோர் அதன் விற்பனையில் வாய்திறக்க வழியில்லை.

இவ்விலக்கலின் தொடர்ச்சியைக் காலனிய காலத்தில் தெளிவாகக் காணலாம். 1763இல் ஆர்க்காட்டு நவாபு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த செங்கல்பட்டுச் சாகீரில் மிராசு உரிமை பற்றிய விவாதம் நெடுங்காலம் நீடித்தது. எல்லிசு 1818இல் வெளியிட்ட மிராசு உரிமை பற்றிய விடைகள் அவ்விவாதத்தின் முதன்மை ஆவணம். ஊரின் தரிசு நிலத்திலும் மிராசுதாரர் முன்னுரிமை கோரினர். புதியவர் ஒருவர் தர்காசு மனு அளித்தால், அந்நிலத்தைத் தாமே பயிரிடுவதாகக் கூறி அவர்கள் தடுக்க இயன்றது. தரிசாகக் கிடந்தவரை எவரும் நாடாத நிலம், ஒடுக்கப்பட்டோர் கேட்டவுடன் உரிமைக்குரியதாயிற்று.

செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கை இத்தடையை வெளிக்கொணர்ந்தது. அதன் பயனாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த அரசாணையை ஒட்டிய ஒப்படைகளே பின்னர்ப் பஞ்சமி நிலம் எனப் பெயர்பெற்றன. பிற வகுப்பாருக்கு விற்கலாகாது என்னும் கட்டுப்பாடு இருந்தும் அவற்றுள் பெரும்பகுதி கைமாறியது. மாமல்லபுரத்தை அடுத்த காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின் தொடர்பில், 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். பொதுநிலம் எவர் கைக்குச் சென்றது என்பது ஏட்டளவிலான வினாவன்று என்பதற்கு இந்நிகழ்வு சான்று.

இற்றை நிலை

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தமும் 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் ஊரின் வாக்காளர் அனைவரையும் கிராம சபையின் உறுப்பினராக்கின. கால் வேலி என்னும் தகுதி மறைந்தது. இருப்பினும் பொதுநிலத்தை விலைக்கு மாற்றும் போக்கு நீடிக்கிறது. பஞ்சாபின் ரோகர் சாகீர் ஊரில் குளத்து நிலத்தை ஆக்கிரமித்தோரிடம் ஆட்சியர் மதிப்பின்படி விலை பெற்று முறைப்படுத்த ஆட்சியர் அனுமதித்தார். இதனை உச்ச நீதிமன்றம் 2011 சனவரி 28ஆம் நாள் ஜக்பால் சிங் வழக்கில் ஏற்க மறுத்தது. நீர்நிலை ஆக்கிரமிப்புப் பற்றிய சென்னை உயர் நீதிமன்றத்தின் 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் அது எடுத்துக்காட்டியது. விலை செலுத்தப்பட்டதனால் மட்டும் பொதுநிலத்தின் இழப்பு ஈடாவதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

முடிவுரை

சோழர் காலச் சபை பொதுநிலத்தை விற்றபோது எல்லை, விலை, வருங்கால வரிப்பொறுப்பு ஆகியவற்றைக் கல்லில் பொறித்தது. கணக்குக் காட்டாதவரை விலக்கியது. ஆனால் நிலத்தை நம்பி வாழ்ந்த பெரும்பான்மையோரை அவைக்குள் அனுமதிக்கவில்லை. இன்றைய கிராம சபையில் அனைவருக்கும் இடமுண்டு. அங்கு விற்பனைத் தீர்மானங்கள் அக்கல்வெட்டுகளைப் போன்று அனைவரும் காணுமாறு பதியப்படுகின்றனவா என்பதே இப்பொழுது எழும் வினா. பழைய ஆவணங்களின் வெளிப்படைத்தன்மையும் புதிய சட்டத்தின் பரந்த உறுப்புரிமையும் ஒருங்கே அமையும்போதுதான் 'உபரி' என்னும் சொல்லை ஊர் தன் வாயால் சொல்ல இயலும். வேடந்தாங்கல் ஏரி நிலைத்தமைக்கு, வறண்ட ஆண்டிலும் அதன் பயனை அறிந்திருந்த ஊராரின் குரல் கேட்கப்பட்டது ஒரு முதன்மைக் காரணமாகும்.