சர்வருக்குள் ஒரு வாட்ச்மேன்

பாஸ்வேர்டைப் பரீட்சித்துப் பார்க்கும் வழக்கம் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால், 1979-ஐச் சொல்லலாம். அமெரிக்காவில் பெல் லேப்ஸில் வேலை பார்த்த ராபர்ட் மாரிஸ், கென் தாம்ப்சன் என்ற இருவர் அந்த வருஷம் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவர் இந்தத் தாம்ப்சன். தமிழில் கடவுச்சொல் என்று எழுதினாலும் நம் வாயில் வருவது பாஸ்வேர்ட்தான் என்பதால் நானும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

இருவரும் 3,289 பாஸ்வேர்டுகளைச் சேகரித்துப் பார்த்தார்கள். அதில் 15 பேர் ஒற்றை எழுத்தையே பாஸ்வேர்டாக வைத்திருந்தார்கள். இரண்டு எழுத்து வைத்தவர்கள் 72 பேர், மூன்றெழுத்துக்காரர்கள் 464 பேர். அகராதியில் இருக்கும் சொல், ஆட்களின் பெயர் என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் 2,831 பாஸ்வேர்டுகள், அதாவது 86 சதவீதம், சுலபமாகக் கண்டுபிடிக்கக் கூடியவை. ஒற்றை எழுத்தில் பூட்டுப் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போன அந்த 15 பேரை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

அந்தக் கட்டுரை சொன்ன தீர்வைப் புரிந்துகொள்ள, 1966-ல் எம்.ஐ.டி.யில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்திய சி.டி.எஸ்.எஸ். என்ற கம்ப்யூட்டரில் எல்லோருடைய பாஸ்வேர்டும் ஒரே கோப்பில் அப்படியே எழுதப்பட்டிருந்தது. அன்றைய அறிவிப்பைக் காட்டும் கோப்பும் இந்தக் கோப்பும் ஒரு நாள் தவறுதலாக இடம் மாறிவிட்டன. உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் 'இன்றைய செய்தி'க்குப் பதிலாக ஊர் மொத்தத்தின் பாஸ்வேர்டும் வரிசையாக வந்து நின்றது.

ஆகவே பாஸ்வேர்டை அப்படியே வைக்கக் கூடாது, அரைத்து வைக்க வேண்டும் என்றார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் இதை ஹாஷ் என்பார்கள். அரிசியை மாவாக்கலாம், மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது அல்லவா? நீங்கள் பாஸ்வேர்ட் கொடுத்ததும் கம்ப்யூட்டர் அதை அரைத்து, ஏற்கெனவே வைத்திருக்கும் மாவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். திருடனும் ஒவ்வொரு சொல்லாக அரைத்துப் பார்ப்பானே என்றால், அதற்கு இரண்டு வழி சொன்னார்கள். ஒவ்வொருவர் மாவிலும் வெவ்வேறு அளவு உப்பு போட வேண்டும்; ஒருவருக்காக அரைத்துப் பார்த்தது இன்னொருவருக்கு உதவாது. பெயரே 'உப்பு'தான், நான் வைத்ததில்லை. இரண்டாவது, அரைப்பது மெதுவாக நடக்க வேண்டும். அதற்காக ஒரே வேலையை 25 தடவை செய்ய வைத்தார்கள்.

நாலாவது பாடம் தாமதமாக வந்தது. அரைத்த மாவுதானே என்று அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி விட்டு வைத்திருந்தார்கள். 1988 நவம்பர் 2-ஆம் தேதி இன்டர்நெட்டில் ஒரு புழு கிளம்பியது. அது பரவிய வழிகளில் ஒன்று பாஸ்வேர்டை ஊகிப்பது. பயனர் பெயரையே போட்டுப் பார்க்கும். பிறகு தன்னோடு கொண்டுவந்த 432 சொற்களைப் போட்டுப் பார்க்கும். எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டப்பன் மாரிஸ். 1979 கட்டுரையை எழுதிய மாரிஸின் சொந்த மகன்! அதன் பிறகு, மாவு வைத்த பாத்திரத்தை நிர்வாகி மட்டும் திறக்கும்படி உள்ளறைக்கு மாற்றும் வழக்கம் பரவியது.

1991-ல் அலெக் மஃபெட் என்பவர் கிராக் என்ற மென்பொருளை வெளியிட்டார். தன் அலுவலகத்துப் பாஸ்வேர்டுகளில் எது சொத்தை என்று நிர்வாகியே சோதித்துத் தெரிந்துகொள்ள அது உதவியது. நல்ல கருவிதான், ஆனால் அதனால் ஒருவர் கோர்ட் வாசல் ஏறினார். பெர்ல் மொழிப் புத்தகங்களால் பெயர் பெற்ற ரேண்டல் ஷ்வார்ட்ஸ், ஓரிகன் மாநிலத்தில் இன்டெல் நிறுவனத்துக்கு ஒப்பந்த வேலை செய்துகொண்டிருந்தார். 1993-ல் அனுமதி வாங்காமல் அங்குள்ள பாஸ்வேர்டுகளின் மேல் கிராக்கை ஓடவிட்டார். பலவீனத்தைக் காட்டத்தான் செய்தேன் என்றார். 1995-ல் மூன்று குற்றங்களில் தண்டனை கிடைத்தது. 2007-ல்தான் அந்தப் பதிவு நீக்கப்பட்டது. பன்னிரண்டு வருஷம். பூட்டு சரியில்லை என்று சொல்லப் போனவருக்கு அது அதிகம் என்பது என் எண்ணம். ஆனால் அடுத்தவர் வீட்டுப் பூட்டைக் கேட்காமல் ஆட்டிப் பார்த்தால் வீட்டுக்காரர் வேறென்ன நினைப்பார்?

இதுவரை சொன்னது முன்கதை. இனி தலைப்புக்கு வருகிறேன்.

ஒரு பெரிய கூடத்தில் ஆயிரக்கணக்கான சர்வர்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு ராத்திரியில் ஒன்று அசையாமல் நின்றுவிட்டால், யாராவது எழுந்து போய் பட்டனை அமுக்கி அணைத்துப் போட வேண்டும். இதைத் தவிர்க்க ஒவ்வொரு சர்வரின் பலகையிலும் இன்னொரு குட்டிக் கம்ப்யூட்டரைப் பொருத்தினார்கள். பி.எம்.சி. என்று பெயர். பெரிய கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தாலும், சுவர் பிளக்கில் கரண்ட் இருக்கும் வரை இது விழித்திருக்கும். எங்கேயோ இருந்துகொண்டு இதனிடம் சொன்னால் சர்வரை அணைக்கும், எழுப்பும், திரையைக் காட்டும், புதிதாக இயங்குதளத்தைக்கூட ஏற்றும். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் கையில் எல்லா வீட்டுச் சாவியும் இருப்பது போல. உங்கள் பிள்ளையோ மருமகனோ ராத்திரி வீட்டில் உட்கார்ந்தபடி 'சர்வரை ரீஸ்டார்ட் பண்றேன்' என்றால், பல சமயம் பேசுவது இந்த வாட்ச்மேனிடம்தான்.

வாட்ச்மேனோடு பேசும் முறைக்கு இன்டெல், டெல், எச்.பி., என்.இ.சி. நான்கும் சேர்ந்து 1998-ல் ஒரு பொது விதி போட்டன. பெயர் ஐ.பி.எம்.ஐ. அதன் இரண்டாம் பதிப்பு 2004-ல் வந்தது. அதில்தான் கோளாறு. நீங்கள் ஒரு பயனர் பெயரைச் சொல்லி 'உள்ளே வரட்டுமா?' என்று கேட்டால், நீங்கள் யார் என்று நிரூபிக்கும் முன்பே, அந்தப் பெயருக்குரிய பாஸ்வேர்டை அரைத்த மாவை அது கையில் கொடுத்துவிடும்! வீட்டுக்குக் கொண்டுபோய் ஆற அமர ஒவ்வொரு சொல்லாக அரைத்து ஒப்பிடலாம். மூன்று தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடெல்லாம் இங்கே உதவாது. ஊகிக்கும் வேலை வேறு இடத்தில் நடக்கிறதே.

இன்னும் உண்டு. ஒவ்வொரு தடவையும் புதிதாக அரைத்துக் கொடுக்க வேண்டுமானால் பாஸ்வேர்ட் உள்ளே அரிசியாகவே இருந்தாக வேண்டும். அரைப்பதும் வேகமான முறை. 1979-லிருந்து படித்த நாலு பாடத்தில் உப்பு ஒன்றுதான் மிச்சம். இருபத்தைந்து வருஷத்தில் இவ்வளவும் மறந்துபோகுமா என்று கேட்கத் தோன்றுகிறது. எனக்குத் தெரிந்த காரணம், விதியை எழுதியவர்களின் கவலை விசிறி, வெப்பம், மின்சாரம் பற்றியது. பாஸ்வேர்ட் நூலைப் படித்தவர்கள் வேறு மேஜையில் இருந்தார்கள்.

ஒன்பது வருஷம் கழித்து, 2013-ல், இதைப் பற்றி விரிவாக எழுதி ஊரைக் கூட்டியவர் டான் ஃபார்மர். இவர் பழைய கை. 1995-ல் நெட்வொர்க்கில் ஓட்டை தேடும் சாத்தான் என்ற மென்பொருளை வீட்சே வெனிமாவோடு சேர்ந்து வெளியிட்டார். அந்தச் சமயத்தில் சிலிக்கான் கிராஃபிக்ஸ் வேலையும் போயிற்று. பெயர் பிடிக்காதவர்களுக்காக எழுத்துகளை இடம் மாற்றி 'சான்டா' ஆக்கும் வசதியும் அதில் வைத்திருந்தார். அதே 2013 ஜூலையில் எச்.டி. மூர் உலகம் முழுக்க அலசியதில், இன்டர்நெட்டில் வெட்டவெளியில் நின்ற இப்படிப்பட்ட வாட்ச்மேன்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். கேட்டதும் மாவை நீட்டியவை சுமார் 99,000. எந்தப் பாஸ்வேர்டைச் சொன்னாலும் கதவைத் திறந்தவை சுமார் 53,000. அமெரிக்க அரசின் கம்ப்யூட்டர் அவசர உதவிக் குழு அந்த மாதமே எச்சரிக்கை விட்டது.

மாவைக்கூட அரைக்க வேண்டியதில்லை என்னும்படி இருந்தன கம்பெனிகள் போட்டு அனுப்பிய பாஸ்வேர்டுகள். சூப்பர்மைக்ரோவில் பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். டெல்லில் கால்வின். ஐ.பி.எம்.மில் பாஸ்வேர்ட் என்ற ஆங்கிலச் சொல்லேதான். ஓ எழுத்துக்குப் பதில் ஒரு பூஜ்யம், அவ்வளவு சாமர்த்தியம். 2014-ல் சூப்பர்மைக்ரோவின் 31,964 சர்வர்கள் பாஸ்வேர்ட் கோப்பை அரைக்காமலேயே வெளியில் கொடுப்பது தெரியவந்தது. அதில் 3,296 பேர் கம்பெனி போட்ட பாஸ்வேர்டை மாற்றவே இல்லை. மாரிஸும் தாம்ப்சனும் சேகரித்த மொத்த எண்ணிக்கை 3,289 என்பதை மறுபடி பாருங்கள். தற்செயல்தான், ஆனாலும் உறுத்துகிறது.

இதைத் திருத்த மென்பொருளை மாற்றினால் போதாதா என்றால், போதாது. மாவை நீட்டுவது விதியிலேயே எழுதியிருக்கிறது. நீட்டாவிட்டால் பேச்சே நடக்காது. அதனால் நிர்வாகிக்கு இருக்கும் வழி மஃபெட் காலத்து வழியேதான். மேலிடத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்கிக்கொண்டு, தன் சர்வர் ஒவ்வொன்றிடமும் தானே மாவைக் கேட்டு வாங்கி, ஹாஷ்கேட் போன்ற கருவியில் போட்டு, எது உடைகிறது என்று பார்த்து, உடைந்ததை மாற்றுவது.

உடைவது எவ்வளவு சுலபம் என்று காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். எச்.பி. மற்றவர்களைவிடப் பொறுப்பாக, சர்வருக்குச் சர்வர் வேறு வேறு எட்டு எழுத்து போட்டு அனுப்பியது. பெரிய எழுத்தும் எண்ணும் கலந்தது. மொத்தம் சுமார் 2.8 லட்சம் கோடி விதம். விளையாட்டுக்காகப் பிள்ளைகள் வாங்கும் கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று நொடிக்கு நூறு கோடி வீதம் அரைத்தால், 47 நிமிஷத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். மதியச் சாப்பாட்டு நேரம்.

ஒரே பாஸ்வேர்டோடு சாதனங்களை விற்பதைத் தடுக்கும் சட்டம் கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. சூப்பர்மைக்ரோவும் அட்மினைக் கைவிட்டு, ஒவ்வொரு சர்வருக்கும் தனியாகப் பத்துப் பெரிய எழுத்துகளை அச்சிட்டு ஸ்டிக்கரில் ஒட்ட ஆரம்பித்தது. அதே அட்டையில் அதே வேகத்தில் கணக்குப் போட்டால் 39 மணி நேரம். சனிக்கிழமை காலை ஆரம்பித்தால் ஞாயிறு ராத்திரிக்குள் முடியும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் மூன்றும் கலந்து, விதி அனுமதிக்கும் இருபது எழுத்தையும் போட்டால் கணக்கு மனித ஆயுளைத் தாண்டிவிடுகிறது. அப்படிப் போட்டுவிட்டு, வாட்ச்மேனுக்கென்று தனி ஒயர் இழுத்து, அதை இன்டர்நெட் பக்கமே விடாமல் வைத்திருக்கிறார்கள், விவரம் தெரிந்தவர்கள்.