அபூபக்ர் (ரலி) அவர்கள் கைவிட்ட சத்தியம்



பழிவாங்குதல் என்றதும் வாளும் இரத்தமும் நம் நினைவுக்கு வருகின்றன. கொடுத்துவந்த கையைச் சத்தமின்றி மடக்கிக்கொள்வதும் பழிவாங்கல்தான். திருமணப் பேச்சில் சிறு மனத்தாங்கல் ஏற்பட்டாலும் ஏழை உறவினருக்குப் பெருநாள்தோறும் நாம் அனுப்பிவந்த தொகை நின்றுவிடுகிறது. கேட்டால், என் பணம், என் விருப்பம் என்கிறோம்!

பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில், தொலைந்த கழுத்துமாலையைத் தேடிச் சென்ற அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் படையைத் தவறவிட்டார்கள். பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) அவர்கள் தமது ஒட்டகத்தில் ஏற்றி அழைத்து வந்தார்கள். நயவஞ்சகர் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை இதை அவதூறாக்கினான். ஒரு மாத காலம் மதீனா அந்தப் பேச்சில் புழுங்கியது.

அவதூறுக்கு நாவைக் கொடுத்தவர்களில் மிஸ்தஹ் இப்னு உஸாஸாவும் ஒருவர். அவர் அபூபக்ர் (ரலி) அவர்களுடைய தாயின் சகோதரியின் பேரர், ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போரில் கலந்துகொண்டவர், ஏழை முஹாஜிர். அவருடைய செலவுகளுக்கு உதவிவந்தவர் அபூபக்ர் (ரலி) அவர்களே. ஓர் இரவு மிஸ்தஹின் தாயார் தம் ஆடை தடுக்கி விழப்போனபோது மகனைச் சபித்தார். உடன் சென்ற ஆயிஷா (ரலி) அவர்களோ, பத்ரில் கலந்துகொண்டவரையா ஏசுகிறீர்கள் என்று கண்டித்தார்கள். தம்மைப் பற்றி அவர் பேசியது அதன் பிறகுதான் அவர்களுக்குத் தெரியவந்தது.

அந்நூர் அத்தியாயத்தின் வசனங்கள் இறங்கி, அன்னையின் தூய்மை நிலைநாட்டப்பட்டது. அவதூறு பேசியோருக்குத் தண்டனையும் நிறைவேற்றப்பட்டது. நீதி முடிந்தது, தந்தையின் காயம் ஆறவில்லை. இனி மிஸ்தஹுக்கு எதுவும் கொடுப்பதில்லை என்று அபூபக்ர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்தார்கள். அது கடமையான உதவியன்று. நிறுத்தினால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

ஆனால் அல்லாஹ் அதை விட்டுவிடவில்லை. 24:22 வசனத்தைச் சற்று நிதானித்துப் பாருங்கள். மிஸ்தஹின் பெயரோ குற்றமோ அங்கு இல்லை. உறவினர், ஏழை, ஹிஜ்ரத் செய்தவர் என மூன்று உரிமைகள் மட்டும் நினைவூட்டப்படுகின்றன. அடுத்து, மன்னிக்கவும் பொருட்படுத்தாது விடவும் இறைவன் ஏவுகிறான். அரபியில் ‘அஃப்வு’ என்பது தண்டிக்காமல் விடுவது; ‘ஸஃப்ஹு’ என்பது சொல்லிக்காட்டுவதையும் விட்டு முகம் திருப்பிக்கொள்வது. இரண்டாவதுதான் கடினம் என்பதைக் குடும்பம் நடத்துவோர் அறிவர். பிறகு, அல்லாஹ் தம்மை மன்னிப்பதை அவர்கள் விரும்பமாட்டார்களா என்ற கேள்வி!

அக்கேள்விக்குமுன் தந்தையின் கோபம் நிற்கவில்லை. ஆம், அல்லாஹ் என்னை மன்னிப்பதையே விரும்புகிறேன் என்ற கருத்தில் பதிலளித்து, உதவியை மீண்டும் தொடங்கினார்கள். அதை ஒருபோதும் நிறுத்தப்போவதில்லை என்றும் உறுதியளித்தார்கள்.

மகளாரும் அவ்வழியே நடந்தார்கள். அவதூறில் பங்குகொண்ட கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் முதுமையில் பார்வை இழந்தபின்னும் அன்னையைக் காண வருவார்கள், அனுமதியும் கிடைக்கும். அன்னையின் சகோதரி மகன் உர்வா ஒருமுறை ஹஸ்ஸானை ஏசத் தொடங்கினார். அன்னை அவரைத் தடுத்தார்கள். அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களுக்காகக் கவிதையால் போராடியவர் அவர் என்பதே அன்னை சொன்ன காரணம்.