பிரித்தானியாவின் தொடக்கநிலை, இடைநிலை மோட்டார் சைக்கிள் உரிமங்கள்

பிரித்தானியாவில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் உரிமை ஒரே தாவலில் கைக்கு வருவதில்லை. வயது, எஞ்சின் திறன் என்ற இரண்டு அளவுகோல்களை வைத்து அதைப் படிகளாக வெட்டியிருக்கிறார்கள். 16 வயதில் ஏஎம் எனப்படும் மொபெட் உரிமம். 17 வயதில் ஏ1: 125 சிசி, 11 கிலோவாட் வரையுள்ள வண்டிகள். 19 வயதில் ஏ2: 35 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 47 குதிரைத்திறன் வரை. அதற்கு மேல் வரம்பில்லாத ஏ உரிமம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் சிபிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் கட்டாய அடிப்படைப் பயிற்சி இருக்கிறது. பயிற்சிகளையும் தேர்வுகளையும் ஓட்டுநர், வாகனத் தரநிலை முகமையும் (டிவிஎஸ்ஏ) உரிமம் வழங்குவதை ஸ்வான்சி நகரில் இயங்கும் டிவிஎல்ஏவும் கவனித்துக்கொள்கின்றன. வட அயர்லாந்துக்குத் தனி நிர்வாகம், சற்றே வேறுபட்ட விதிகள். இங்கே சொல்லப்படுபவை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு உரியவை.

இந்தியாவில் 18 வயதில் கியர் வண்டிக்கு உரிமம் எடுத்தவர் 100 சிசி வண்டியையும் ஓட்டலாம், மறுநாளே 1000 சிசி வண்டியிலும் ஏறலாம். அதே ஆள் படிப்புக்கோ வேலைக்கோ பிரித்தானியாவில் குடியேறினால், இந்திய உரிமத்தை வைத்து 12 மாதங்கள் ஓட்டலாம். அதன்பின் பழகுநர் உரிமம் எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். உரிமத்தை நேரடியாக மாற்றிக்கொள்ளக்கூடிய நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் இல்லை, சிங்கப்பூர் இருக்கிறது.

வரம்புகள் வந்த வழி

ஓட்டுநர் தேர்வு பிரித்தானியாவில் 1935 இல் கட்டாயமானது. மோட்டார் சைக்கிளுக்கான தேர்வு அப்போதும், அதற்குப் பல பத்தாண்டுகள் பின்னும் எளிமையாகவே இருந்தது. தேர்வாளர் நடைபாதையில் அட்டையும் கையுமாக நிற்பார். தெருவைச் சுற்றி வரச் சொல்வார். ஒரு கட்டத்தில் திடீரென முன்னால் வந்து கையைக் காட்டுவார். வண்டி நின்றால் சரி. முக்குத் திரும்பியபின் ஓட்டுபவர் என்ன செய்தார் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. தேர்வாளர் இன்னொரு வண்டியில் பின்தொடர்ந்து வானொலியில் பேசும் முறை 1990 ஐ ஒட்டித்தான் வழக்கமானது.

பழகுபவர் எந்த அளவு வண்டியை ஓட்டலாம் என்பதற்கு 1961 வரை தடையே கிடையாது. அந்த ஆண்டில்தான் 250 சிசி என்ற உச்சவரம்பு வந்தது. பக்கப்பெட்டி பொருத்திய வண்டிகளுக்கு அது பொருந்தாது என்பதால், பெரிய வண்டிக்குப் பெயரளவில் ஒரு பக்கச் சட்டத்தை மாட்டிக்கொண்டு ஓட்டிய இளைஞர்களும் உண்டு. தயாரிப்பாளர்கள் இன்னொரு வழியைப் பிடித்தார்கள். வரம்பு 250 சிசி என்றால் அந்த 250-இலிருந்து எவ்வளவு வேகத்தைப் பிழிந்தெடுக்கலாம் என்று பார்த்தார்கள். ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு 1960களின் நடுவில் வெளியிட்ட கான்டினென்டல் ஜிடி, எல் தகடு மாட்டிய இளைஞர்களையே குறிவைத்த 250 சிசி வண்டி. 1970களில் ஜப்பானிய இரு வீச்சு எஞ்சின்கள் வந்தன. யமஹா ஆர்டி250 பந்தய வண்டியின் குணத்தோடு ஓடியது. நம் ஊரில் ராஜ்தூத் 350 என்று ஓடிய ஆர்டி350-இன் தம்பி அது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் வந்த சுசுகி எக்ஸ்7, மணிக்கு 100 மைல் போகும் என்று விளம்பரம் செய்யப்பட்டது. ஒரு தேர்வும் எழுதாத 17 வயதுப் பையன் அதைச் சட்டப்படி ஓட்டலாம். சிசி கணக்கு எதையும் கட்டுப்படுத்தவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

1981 ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் இதைச் சரிசெய்ய முயன்றது. பழகுபவருக்கான வரம்பு 1983 இல் 125 சிசி ஆகக் குறைந்தது. கூடவே 12 குதிரைத்திறன் என்ற திறன் வரம்பும் வந்தது. தேர்வு இரண்டு பகுதிகளானது. அந்தச் சட்டத்தில் இன்னொரு கடுமையும் இருந்தது: இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெறாவிட்டால் பழகுநர் உரிமம் போய்விடும், அடுத்த ஓராண்டு வண்டியைத் தொடக்கூடாது. இந்த விதி பின்னாளில் கைவிடப்பட்டது. அதன் விளைவு இன்றைய தெருக்களில் தெரிகிறது, கீழே வரும்.

சிபிடி 1990 டிசம்பரில் அறிமுகமானது. இப்போதைய ஏ1, ஏ2, ஏ என்ற அடுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் மூன்றாவது ஓட்டுநர் உரிம நெறிமுறையின்படி 2013 ஜனவரி 19 முதல் நடைமுறையில் உள்ளது. ஒன்றியத்தை விட்டு வெளியேறியபின்பும் அடுக்கு அப்படியே நிற்கிறது.

சிபிடி

சிபிடி தேர்வு அல்ல. அதில் தோல்வி என்பது இல்லை. பயிற்சியாளருக்குத் திருப்தி இல்லையென்றால் இன்னொரு நாள் வரச் சொல்வார், அவ்வளவுதான். பெரும்பாலும் ஒரே நாளில் முடியும். முதலில் கண் பார்வை: 20 மீட்டர் தள்ளி நிற்கும் வண்டியின் எண் பலகையைப் படிக்க வேண்டும். பிறகு தலைக்கவசம், கையுறை, மேலங்கி பற்றிய பேச்சு. அடுத்து மைதானம். எஞ்சினை இயக்காமல் வண்டியைத் தள்ளிப் பழகுவதில் தொடங்கி, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கைக்குத் தெரியும்வரை ஒரே கோட்டில் போய் நிற்பது, எட்டு போடுவது, யூ திருப்பம், அவசர பிரேக் என்று நகரும். மைதானத்தில் ஒரு பயிற்சியாளருக்கு அதிகபட்சம் நான்கு பேர். சாலையில் இரண்டே பேர். சாலைப் பகுதி குறைந்தது இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். காதில் வானொலி, பின்னால் பயிற்சியாளர்.

முடித்தவருக்கு ஒரு சான்றிதழ் தரப்படும். 17 வயதானவர் அதைக் கொண்டு முன்னும் பின்னும் எல் தகடு மாட்டி (வேல்ஸில் டி தகடும் மாட்டலாம்) 125 சிசி வரை தனியே ஓட்டலாம். பின்னால் ஆள் ஏற்றக்கூடாது, மோட்டார்வே பக்கம் போகக்கூடாது. சான்றிதழின் ஆயுள் இரண்டு ஆண்டுகள். அதற்குள் முழு உரிமம் எடுக்கவில்லையென்றால் சிபிடியை மறுபடி முடித்தால் போதும். எத்தனை முறை வேண்டுமானாலும்.

இங்கேதான் அமைப்பின் பலவீனமான கண்ணி இருக்கிறது. லண்டன், பர்மிங்ஹாம் போன்ற நகரங்களில் உணவுப் பொட்டலம் கொண்டுபோகும் ஸ்கூட்டர்களில் எல் தகடு சாதாரணக் காட்சி. இரவும் மழையுமாக, நகரத்திலேயே அதிக நேரம் சாலையில் இருக்கும் ஓட்டுநர்களில் பலர் சட்டத்தின் கண்ணில் பழகுநர்கள். தேர்வுகளுக்குப் பணமும் விடுப்பும் செலவாகும். சிபிடிக்கு ஒரு நாள் போதும். அவர்கள் கணக்குப் போட்டு எடுக்கும் முடிவு அது. இரண்டு ஆண்டு கெடு இருந்த காலத்தில் இப்படி நிரந்தரப் பழகுநராக இருக்க முடிந்திராது.

எழுத்துத் தேர்வு

கணினியில் நடக்கிறது. 50 கேள்விகள், 57 நிமிடங்கள், 43 சரியாக வேண்டும். அதைத் தொடர்ந்து 14 காணொளித் துண்டுகள்: அவற்றில் உருவாகிவரும் 15 ஆபத்துகளை எவ்வளவு சீக்கிரம் கவனித்துச் சுட்டியை அழுத்துகிறார் என்பதற்கு மதிப்பெண், 75-க்கு 44 தேவை. சாலையோரம் நிற்கும் காரின் சக்கரம் மெல்லத் திரும்புவதுபோன்ற சின்ன அறிகுறிகள்தாம் இதில் விஷயம். கார் உரிமம் இருந்தாலும் மோட்டார் சைக்கிளுக்கென்று தனியே எழுத வேண்டும். தேர்ச்சி இரண்டு ஆண்டுகள் செல்லும்.

மாட்யூல் 1

செய்முறைத் தேர்வு இரண்டு பகுதிகள். முதல் பகுதி மூடிய தார்த் தளத்தில் ஏறத்தாழ 20 நிமிடம். வண்டியை நிறுத்தத்திலிருந்து இறக்கி, எஞ்சின் இயங்காமல் ஒரு கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்குப் பின்னோக்கித் தள்ளுவது முதல் வேலை. இருநூறு கிலோ வண்டியைக் கைப்பிடி திருப்பி, இடுப்பைச் சாய்த்து, சாய விடாமல் நகர்த்துவது பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும். பிறகு கூம்புகளுக்கு இடையே வளைந்து போவது, எட்டு, நடை வேகத்தில் நேராகப் போவது, யூ திருப்பம்.

தமிழ்நாட்டில் ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போட்டவர்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும். முன் பிரேக்கைத் தொடக்கூடாது. கைப்பிடி திரும்பியிருக்கும்போது தொட்டால் வண்டி விழும். ஆக்சிலேட்டரைச் சீராக வைத்து, கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக உரசவிட்டால் எஞ்சின் இழுப்புக்கும் பிரேக் பிடிப்புக்கும் நடுவே வண்டி நிமிர்ந்து நிற்கும். பார்வை முன் சக்கரத்தில் இருந்தால் வண்டியும் அங்கேயே விழப் பார்க்கும். அடுத்து எங்கே போக வேண்டுமோ அங்கே தலை திரும்ப வேண்டும். கிளம்புமுன்னும் திரும்புமுன்னும் தோளுக்கு மேலாகப் பின்னால் ஒரு பார்வை கட்டாயம். கண்ணாடி காட்டாத மூலையைச் சரிபார்க்கும் இந்தப் பார்வையை அங்கே உயிர்காப்பான் என்று சொல்கிறார்கள். யூ திருப்பத்துக்கு முன் அதை மறந்தால், அதன்பின் எவ்வளவு அழகாகத் திருப்பினாலும் பிழை பிழைதான்.

கடைசியில் வேகம். வளைவைச் சுற்றி வந்து, வேகமானியைக் கடக்கும்போது குறைந்தது மணிக்கு 50 கிலோமீட்டர் இருக்க வேண்டும். ஒருமுறை அவசர பிரேக். இன்னொருமுறை எதிரே தடை இருப்பதாகக் கொண்டு பக்கவாட்டில் விலகி, குறித்த கட்டத்துக்குள் நிற்க வேண்டும். ஐந்து சிறு பிழைகள் வரை மன்னிப்பு. ஒரு பெரிய பிழை போதும் தோற்க. தோற்றவர் குறைந்தது மூன்று வேலை நாள் கழித்து மறுபடி வரலாம்.

இந்த 50 கிலோமீட்டர் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. ஐரோப்பிய நெறிமுறை கேட்ட வேகம் அது. பிரித்தானிய நகரச் சாலைகளின் வரம்போ 30 மைல், அதாவது சுமார் 48 கிலோமீட்டர். தெருவில் தேர்வு வைத்தால் தேர்வாளரே சட்டத்தை மீறச் சொன்னதாகிவிடும். ஆகவே தெருவை விட்டு விலகிப் பெரிய தளங்களைக் கட்டினார்கள். 2009 ஏப்ரலில் புதிய முறை தொடங்கியது. தளங்கள் எண்ணிக்கையில் குறைவு. கிராமப்புறத்தில் இருப்பவர் இருபது நிமிடத் தேர்வுக்காக நெடுந்தூரம் பயணப்பட வேண்டியிருந்தது, அதுவும் இன்னும் உரிமம் பெறாத நிலையில். நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழு 2010 இல் இதைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. இரண்டு கிலோமீட்டர் வேக வித்தியாசத்துக்காக நாடு முழுவதும் தார்த் தளம் போட்ட கதை, அதிகார வர்க்கத்தின் தருக்கம் எப்படி ஓடும் என்பதை நன்றாகவே காட்டுகிறது.

மாட்யூல் 2

இது சாலையில், 40 நிமிட அளவில். தேர்வாளர் பின்னால் வந்து வானொலியில் வழி சொல்வார். பத்து நிமிடம் போல, பெயர்ப்பலகைகளைப் பார்த்துத் தானாகவும் போக வேண்டும். பத்துப் பிழை வரை விடுவார்கள். தோற்றால் பத்து வேலை நாள் காத்திருப்பு.

ஏ2 என்னும் இடைநிலை

17, 18 வயதில் ஏ1 எடுத்தால் எல் தகடு போகும், ஆள் ஏற்றலாம், மோட்டார்வேயில் ஏறலாம். வண்டி அதே 125 தான். அதனால் சிபிடியோடு காலம் தள்ளி, 19 ஆனதும் நேராக ஏ2-க்குப் போவது பலருக்கு வசதியாகப் படுகிறது.

ஏ2-வின் வரையறை மூன்று பகுதிகள் கொண்டது. திறன் 35 கிலோவாட்டுக்கு மிகக்கூடாது. எடையில் ஒரு கிலோவுக்கு 0.2 கிலோவாட்டுக்கு மேல் வரக்கூடாது. பெரிய வண்டியின் திறனைக் குறைத்துக் கொண்டுவருவதானால் அதன் மூலத் திறன் இரண்டு மடங்கைத் தாண்டியிருக்கக்கூடாது, அதாவது 70 கிலோவாட் வரைதான். மூன்றாவது விதி 1970களின் பாடத்தைக் கற்றுக்கொண்டவர்கள் எழுதியது என்று கருதலாம். ஒரு சூப்பர்பைக்கை மென்பொருளால் அடக்கி வைத்திருப்பவர் அதை என்றாவது அவிழ்த்துவிடுவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த வகையில் நன்கு விற்கும் வண்டிகளில் ஒன்றுக்குத் தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-இன் திறன் 47 குதிரைத்திறன்; ஏ2-வின் கூரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. சென்னையை அடுத்த ஆலைகளில் உருவாகும் இந்த வண்டியின் வடிவமைப்பில் லெஸ்டர்ஷயரின் ப்ரன்டிங்தார்ப்பில் உள்ள நிறுவனத்தின் தொழில்நுட்ப மையத்துக்குப் பங்குண்டு. 650 சிசி எஞ்சினுக்கு அந்த எண் தற்செயலாக அமைந்ததாகத் தோன்றவில்லை. அதே நிறுவனத்தின் புல்லட் 350 சுமார் 15 கிலோவாட். ஏ1-இன் 11 கிலோவாட்டைத் தாண்டிவிடுவதால் அதற்கும் ஏ2 வேண்டும். தமிழ்நாட்டில் 18 வயதில் புல்லட் ஓட்டியவர் அங்கே இன்னும் ஓராண்டு பொறுக்க வேண்டும்.

ஏ2 பழகும்போது பெரிய வண்டியைத் தனியே எடுத்துப்போக முடியாது. வானொலித் தொடர்போடு பயிற்சியாளர் உடன் வர வேண்டும். தேர்ச்சி பெற்றபின் எல் தகடு இல்லை, துணையும் வேண்டாம்.

ஏ2 எடுத்து இரண்டு ஆண்டு கழிந்தால் 21 வயதில் வரம்பற்ற ஏ-க்குப் போகலாம். மறுபடி எழுத்துத் தேர்வும் சிபிடியும் வேண்டாம், ஆனால் மாட்யூல் இரண்டையும் முடிக்க வேண்டும். ஐரோப்பிய நெறிமுறை இந்த இடத்தில் தேர்வுக்குப் பதில் பயிற்சி மட்டும் போதும் என்றும் அனுமதிக்கிறது. பிரித்தானியா தேர்வையே தேர்ந்துகொண்டது. ஆக 17, 19, 21 என்று ஒழுங்காகப் படியேறுபவர் ஆறு செய்முறைத் தேர்வுகளைச் சந்திக்கிறார். 24 வயதுவரை வண்டியே தொடாமல் இருந்துவிட்டு நேராக ஏ எடுப்பவருக்கு இரண்டே தேர்வு. அனுபவத்தை ஊக்குவிக்கவென்று அமைத்த ஏணியில் இது வினோதமான ஏற்பாடு.

முதல் உரிமம் கிடைத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு தண்டனைப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் ரத்தாகும். 1997 முதல் உள்ள இந்த விதி கார் ஓட்டுபவர்களுக்கும் பொதுவானது. பறிகொடுத்தவர் மீண்டும் பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வையும் செய்முறைத் தேர்வுகளையும் மறுபடி முடிக்க வேண்டும்.