கொல்லிமலை அடிவாரமும் எல்லை தாண்டிய உழைப்பும்

கொல்லி என்றதும் தமிழ் கற்றோர் நெஞ்சில் முதலில் தோன்றுபவன் வல்வில் ஓரி. வன்பரணரும் கழைதின் யானையாரும் பாடிய அம்மலைத் தலைவனை நாடி, யாழும் முழவும் சுமந்து, சுற்றத்தோடு மேடேறி வந்த பாணர் கூட்டத்தைப் புறநானூறு காட்டுகிறது. பரிசில் பெற்று மீள்பவன் எதிர்ப்பட்ட இரவலனை வழிப்படுத்துவது ஆற்றுப்படை. எவ்வழியே செல்வது, இடையில் எங்கே எவ்வுணவு கிட்டும், சென்றடையும் இடத்துத் தலைவன் எத்தகையவன் என்பனவற்றைப் போய் வந்தவனே சொல்கிறான். சொன்னதற்குத் தரகு பெறுவதில்லை. பிழைப்புத் தேடி நாடுவிட்டு நாடு செல்வோர்க்குத் தமிழில் எழுந்த முதல் வழிகாட்டிகள் இவை எனலாம்.

அம்மலையில் இன்று வாழும் மலையாளிப் பழங்குடியினரின் கதையும் ஒரு பெயர்ச்சியில்தான் தொடங்குகிறது. (பெயரொற்றுமை கண்டு கேரளத்தாரோடு இவர்களைக் குழப்புவோர் இன்றும் உளர், இவர்கள் தாய்மொழி தமிழே.) காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் பிரிந்து, சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் குடியேறினர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி. மேலே சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்ந்தனர் அவர்கள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆள் திரட்டுவோரின் கண் பட்டது மலையின்மீது அன்று, அதன் அடிவாரத்தின்மீதே. மேற்கே இராசிபுரம், வடக்கே ஆத்தூர், கிழக்கே துறையூர், தெற்கே நாமக்கல்லும் முசிறியும் எனக் கொல்லியைச் சூழ்ந்த இவ்வட்டங்கள், மழையை நம்பிய புன்செய் ஊர்களால் ஆனவை. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பட்ட பாடு பெரிது. இலங்கைத் தோட்டங்களுக்கு மிகுதியான ஆள் அனுப்பிய சென்னை மாகாண மாவட்டங்களில் திருச்சியும் சேலமும் முன்னிற்பதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

காப்பித் தோட்டக் காலத்தில் இப்பெயர்ச்சி பருவகாலத்தது. பழம் பறிக்கப் போனவர் பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினர். இராமநாதபுரக் கரைவரை நடந்து, தோணியில் மன்னார் கடந்து, மறுபடியும் நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் அவ்வழியில் மாண்டோர் பலர். 1869இல் தென்பட்ட இலைநோய் காப்பியை அழித்தது, தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண் கை வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாக மக்கள் போயினர். பருவப் பயணம் குடிபெயர்வாயிற்று.

இவர்களை வழிப்படுத்தியவர் கங்காணி. ஆற்றுப்படைப் பாணனைப் போல அவரும் போய் வந்தவர்தாம். பெரும்பாலும் அதே ஊரார், சில வேளை உறவினர். வேறுபாடு ஒன்றே. அவர் சொல்லுக்கு விலை இருந்தது. முன்பணம் கொடுத்தே ஆள் சேர்த்தார். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாள்தோறும் இவ்வளவு என அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. வழிச்செலவும் சோறும் துணியும் போனவர் பேரில் கடனாய் ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு வேறொன்றுக்குக் கூட்டம் மாற வேண்டுமானால், மொத்தக் கடனும் எழுதப்பட்ட சீட்டு ஒன்று வேண்டும். அதற்குப் பெயர் 'துண்டு'. புதிய துரை அக்கடனைத் தீர்த்துக் கூட்டத்தை எடுத்துக்கொள்வார். கூட்டம் மாறினும் கடன் மாறாது. இடம்பெயரும் உரிமை என்று சொல்லத்தக்கது அங்கு இருந்ததெனில், அது கடனுக்கே இருந்தது.

1904இல் தோட்ட முதலாளிகளின் சார்பில் இலங்கைத் தொழிலாளர் ஆணையம் திருச்சியில் நிறுவப்பட்டது. போவோர்க்குத் தோட்ட எண் பொறித்த தகரச் சீட்டு வழங்கப்பட்டது. பலர் அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டனர். அதைக் காட்டினால் வழியில் காசு கேட்பார் இல்லை. மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்காகச் சில நாள் தங்கவைக்கப்பட்டு அக்கரை சேரலாம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபின், அடிவாரத்து ஊரிலிருந்து மலைநாட்டு லயம்வரை நடக்க வேண்டிய தொலைவு சுருங்கிப்போயிற்று.

இந்த அவலத்தைத் தமிழ் எழுத்து முற்றிலும் மறந்துவிடவில்லை. பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்டிர்க்காகப் பாரதி அழுதார். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் கதைக்களமாக்கினார். கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரிடையே சங்கம் கண்டார்; அவர் துணைவி மீனாட்சி அம்மாள் பாட்டெழுதிக் கூட்டங்களில் பாடினார். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். கங்காணியை ஏசும் பாடல்கள் அவ்வாய்மொழி மரபில் நிறைய உண்டு. கொல்லி அடிவாரத்துப் பாட்டனும் பாட்டியும் கடலுக்கு அப்பால் பாடியவை அவற்றுள் கலந்திருக்கும். ஆண்டுதோறும் ஆடியில் ஓரிக்கு விழா எடுக்கும் இவ்வட்டாரம், அப்பாட்டுகளுக்கு ஒரு மாலைப்பொழுதையேனும் ஒதுக்கியிருக்கலாம்.

மாற்றம் 1920களில் வந்தது. ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்த கையோடு, இந்திய அரசு 1922இல் குடிபெயர்வுச் சட்டம் இயற்றியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே இலங்கையில் துண்டு முறை சட்டத்தால் நீக்கப்பட்டிருந்தது. 1923ஆம் ஆண்டு இலங்கைச் சட்டம், ஆள் திரட்டும் செலவைத் தோட்டங்கள் செலுத்தும் பொது நிதியின்மேல் ஏற்றியது. அச்செலவைத் தொழிலாளியின் கணக்கில் கடனாக எழுத இனி வழியில்லை. சென்ற ஓராண்டுக்குள் நோயாலோ முறையற்ற நடத்தையாலோ தொடர முடியாதவர், தாம் அழைத்துச் செல்லப்பட்ட ஊருக்கே செலவின்றித் திருப்பி அனுப்பப்படலாம். கண்டியில் இந்திய அரசின் முகவர் ஒருவர் அமர்ந்தார். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்து, 1929இல் நடைமுறைக்கு வந்தது. உயர்மலைத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறாருக்கு 32. அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைக்கப்பட்டது.

காசு அற்பமே. பெண்ணின் உழைப்புக்கு ஆணினும் குறைந்த விலை என்பதும் சட்டத்திலேயே எழுதப்பட்டது. ஆயினும் இவ்வேற்பாட்டின் உள்ளீட்டை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. ஆளை அனுப்பிய நாடு, அனுப்பியபின்னும் அவனுக்குப் பொறுப்பாளியாக நிற்க வேண்டும் என்ற கருத்து அதில் இருந்தது. அதன் வலிமை அனுப்பும் நாட்டின் கையிலிருந்த ஒரே படைக்கலத்தில், அதாவது ஆளை நிறுத்திவைக்கும் உரிமையில் அடங்கியிருந்தது. இலங்கை அரசுத் துறைகளில் நாட்கூலிகளாயிருந்த இந்தியரை வெளியேற்ற முற்பட்டபோது, 1939 ஆகஸ்ட் 1 முதல் திறனற்ற தொழிலாளர் அங்கே செல்வதை இந்தியா தடைசெய்தது. ஆனால் ஏற்கெனவே அங்கு வேரூன்றிய இலட்சக்கணக்கானோரை அப்படைக்கலம் காக்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோர் ஆக்கிற்று. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இருநாடும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதம் ஆகுமுன், 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. போன துறை வழியே திரும்பும் வாய்ப்பும் அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. பின்னர் இராமேசுவரத்தில் இறங்கியோர் மீண்டும் மண்டபம் முகாமையே கண்டனர்.

ஒருவன் ஓரிடத்துக் கூலியாள், வேறோர் இடத்துக் குடி என்றால், அவன் நோய்க்கும் முதுமைக்கும் எந்த நாடு பொறுப்பு? இவ்வினா ஐரோப்பாவிலும் எழுந்தது. அங்கே 1957ஆம் ஆண்டு ரோம் உடன்படிக்கையின் மை உலருமுன், 1958இலேயே இடம்பெயரும் தொழிலாளரின் சமூகக் காப்புறுதி குறித்த விதி எழுதப்பட்டது. பிற்காலத்தில் போர்த்துகல் நிறுவனம் ஒன்று பிரான்சில் இரயில்பாதைப் பணிக்குத் தன் ஆட்களையே கொண்டுவந்தபோது வழக்காயிற்று; 1990இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை அனுமதித்தது. எனினும் வேலை நடக்கும் நாடு தன் கூலிச் சட்டத்தை அவர்களுக்கும் பொருத்தலாம் என்றது. அதன்வழி 1996இல் தனி நெறிமுறை வந்தது. அனுப்பப்பட்ட தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி, ஓய்வு, பாதுகாப்பு ஆகியவை வேலை செய்யும் நாட்டின்படி. காப்புறுதியோ குறித்த காலம்வரை சொந்த நாட்டின்படி, அதற்கொரு சான்றிதழ். 2018இல் அது மேலும் இறுக்கப்பட்டது. ஏட்டில் உள்ளதெல்லாம் கட்டடப் பணியிடங்களில் நடக்கிறது என்று ஐரோப்பியரே சொல்லமாட்டார். ஆனால் பொறுப்பு யாருடையது என்ற வினாவுக்கு விடை எழுதப்பட்டிருக்கிறது.

இந்தியாவும் அத்தகைய விடையை எழுதியதுண்டு. பெல்ஜியத்தோடு 2006இல் செய்த சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2009இல் நடைமுறைக்கு வந்தது. சென்னையிலிருந்து பிரஸ்ஸல்ஸ் அனுப்பப்படும் பொறியாளர், இங்குள்ள வருங்கால வைப்புநிதி அலுவலகத்தின் சான்றிதழைக் காட்டி அங்கே இரட்டைச் சந்தாவிலிருந்து விலக்குப் பெறலாம். கொல்லிமலையிலிருந்து இறங்கி அண்டை மாநிலத் தோட்டத்துக்குச் செல்பவருக்கு உரியது வேறொரு சட்டம். ஒரிசாவின் 'தாதன்' எனும் முன்பணக் கொத்தடிமை முறையின் கொடுமை வெளிப்பட்டதன் விளைவாக 1979இல் நாடாளுமன்றம் இயற்றிய மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் அது. ஒப்பந்தக்காரருக்கு உரிமம், ஒளிப்படம் ஒட்டிய கணக்குப் புத்தகம், போக்குவரத்துப் படி, மாதக்கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், இவற்றுள் மிக்கது இடப்பெயர்வுப் படி. 1923இன் நற்கூறுகள் பல இதில் மறுபடியும் தலைகாட்டுவதை ஒப்புநோக்குவோர் உணர்வர். கண்டி முகவரைப் போன்ற ஒருவர் மட்டும் இதில் இல்லை.

மலைமேல் சாமையும் தினையும் சுருங்கி, சவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி பரவியபின், கைக்காசின் தேவையும் சந்தை விலையின் ஏற்ற இறக்கமும் மலையேறிவிட்டன. கிழங்கு விலை விழுந்த ஆண்டில் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். அழைத்துப்போகும் மேஸ்திரி உரிமம் வாங்கியவர் அல்லர். அவர் வாய்ச்சொல்லே ஒப்பந்தம், கையில் வைக்கும் முன்பணமே கணக்குப் புத்தகம். தோட்டத்தாரைக் கேட்டால், வந்தவர்கள் தாமாக வந்தவர்கள் என்பார். 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் தாமாக வந்தவரையும் புலம்பெயர் தொழிலாளர் எனக் கொண்டது நல்லதொரு திருத்தம். அதுவே இடப்பெயர்வுப் படியைக் கைவிட்டது. பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களை விலக்கியும் வைத்தது. 2025 நவம்பர் 21இல் அது நடைமுறைக்கு வந்தபோது 1979ஆம் ஆண்டுச் சட்டம் மறைந்தது.

அமைப்புசாராத் தொழிலாளர்க்கென 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் பதிவு, ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு இலக்க எண் ஒன்றை வழங்குகிறது. தகரச் சீட்டின் எண் தோட்டத்துக்கு உரியது. இந்த எண் தொழிலாளிக்கே உரியது, எந்த மாநிலம் சென்றாலும் மாறாதது. அட்டையில் அவர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், தொழில், ஊர் எல்லாம் உண்டு. அழைத்துச் சென்றவர் பெயரை எழுத அதில் இடம் இல்லை.