உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கணக்கு யார் கையில் இருக்கிறது? பங்குதாரர்கள் கவனிக்க வேண்டியவை

உங்கள் பகுதி உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் நீங்கள் பங்குதாரரா? அப்படியானால் நீங்கள் கட்டிய பங்குத்தொகை, உரம் வாங்கிய பில், மக்காச்சோளம் கொடுத்ததற்கு வரவேண்டிய பாக்கி எல்லாம் அலுவலகக் கணினியில் உள்ள கணக்கு மென்பொருளில்தான் பதிவாகியிருக்கும். கணக்காளர் வேலையை விட்டுப் போனாலோ, கணினி பழுதானாலோ அந்தக் கணக்கைத் திறக்க முடியாமல் போகலாம். அதைத் தவிர்க்கும் வழிகளைப் பார்ப்போம்.

எந்த மென்பொருள்?

பெங்களூருவைச் சேர்ந்த டேலி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் ஜோஹோ புக்ஸ் ஆகியவை பலருக்கும் தெரிந்தவை. டேலியில் கணக்கு பெரும்பாலும் அலுவலகக் கணினியிலேயே இருக்கும். ஜோஹோ புக்ஸில் கணக்கு இணையத்தில் இருக்கும். எந்த ஊரிலிருந்தும் திறக்கலாம், ஆனால் இணைய இணைப்பு வேண்டும். உங்கள் ஊரில் சிக்னல் எப்படி, உங்கள் ஆடிட்டர் எதைப் பயன்படுத்துகிறார் என்று பார்த்துத் தேர்வு செய்யுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

உற்பத்தியாளர் நிறுவனம் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வருகிறது. கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஒரு விதி உள்ளது. ஒரு பதிவைத் திருத்தினால், எந்தத் தேதியில் என்ன திருத்தப்பட்டது என்பது தானாகப் பதிவாக வேண்டும். அந்த வசதியை யாரும் நிறுத்தி வைக்க முடியாதபடி இருக்க வேண்டும். எக்செல் தாளில் பழைய தொகையை அழித்துப் புதிதாகப் போட்டால் சாதாரணமாக யாருக்கும் தெரியாது. எனவே எக்செல் மட்டும் போதாது.

கணக்கின் நகலை நாள்தோறும் இந்தியாவில் உள்ள சர்வரில் சேமிக்க வேண்டும் என்பதும் விதி. கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும்.

நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டியவை

• மென்பொருள் உரிமம்: கணக்காளரின் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்யக் கூடாது. நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும்.

• கடவுச்சொல்: டேலியில் 'டேலிவால்ட்' கடவுச்சொல் போட்டுவிட்டு மறந்துவிட்டால், அதை மீட்டெடுக்க முடியாது. எழுதி உறையிலிட்டு நிறுவனப் பெட்டகத்தில் வையுங்கள். குறைந்தது ஒரு இயக்குநருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

• தனித்தனி பயனர் பெயர்: பில் போடுபவருக்கும் கணக்காளருக்கும் ஒரே பெயர் கொடுத்தால், யார் திருத்தினார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது.

• ஒப்படைப்பு: கணக்காளர் மாறும்போது உரிமம், கடவுச்சொல், நகல் மூன்றையும் எழுத்து மூலம் பெற்றுக்கொண்டு, கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள்.

உரம் விற்கும் நிறுவனமா?

மானிய உரம் ஆதார் சரிபார்ப்புடன் விற்பனை முனையக் கருவி மூலம் விற்கப்படுகிறது. கருவி காட்டும் இருப்பு, மென்பொருளில் உள்ள இருப்பு, குடோனில் உள்ள மூட்டை மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. வித்தியாசத்தை உடனே கண்டால் காரணம் தெரியும். ஆண்டுக் கடைசியில் கண்டால் தெரியாது.

பொதுக்குழுவில் கேளுங்கள்

ஆண்டுப் பொதுக்குழுவுக்கு 14 நாட்களுக்கு முன்பே அறிவிப்பும், தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கும் உங்களுக்கு வர வேண்டும். கூட்டத்தில் இந்த மூன்றைக் கேளுங்கள்:

1. உரிமம் யார் பெயரில் உள்ளது?
2. கடைசியாக எந்தத் தேதியில் நகல் எடுக்கப்பட்டது? அதைத் திறந்து பார்த்தீர்களா?
3. திருத்தப் பதிவு பற்றி ஆடிட்டர் தன் அறிக்கையில் என்ன எழுதியுள்ளார்?

அலுவலகத்துக்குப் போகும்போது உங்கள் பெயரில் உள்ள கணக்கு விவரத்தை அச்செடுத்து வாங்கி, கையிலுள்ள ரசீதுகளுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். விளைபொருள் கொடுத்த நாளில் வாங்கிய எடைச்சீட்டைப் பணம் வங்கியில் ஏறும் வரை பத்திரமாக வையுங்கள்.